அப்பா அம்மா போனில் இருக்கும் படங்களைப் பத்திரப்படுத்த: கூகுள் ஃபோட்டோஸ், முதல் படியில் இருந்து

போன வருடம் ஆடி மாதம் அப்பாவின் போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. தொட்டி நிரம்பிவிட்டதா என்று குனிந்து பார்த்தார். சட்டைப் பையில் இருந்து நழுவிவிட்டது. போன் போனதில் யாருக்கும் வருத்தம் இல்லை. அதற்குள் அம்மாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் இருந்தன. மொட்டை மாடியில் வடகம் பிழிந்துகொண்டே, யாரோ கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு படம். நெற்றியில் வியர்வை, முழங்கை வரை மாவு. அதைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோமே தவிர மாட்டவில்லை.

படங்கள் கிடைத்துவிட்டன. ஆனால் அதற்கு 19 நாள் அலைந்தோம். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். போனில் எடுத்த படம் ஆன்லைனில் ஏறி, பத்திரமாக இருந்து, வேண்டியவர்களுக்குப் போய்ச் சேர்வது வரைக்கும் இதில் உண்டு. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். இடம் காலி செய்வதில் ஆரம்பித்துப் படத்தை இழக்கப் பார்த்தவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் ‘ஃபோட்டோஸ்’ ஆப் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். ஐபோனில் ஆப் ஸ்டோரில் இருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். பொத்தான்களின் பெயரை ஆங்கில போனில் தெரிகிறபடியே சொல்கிறேன். தமிழில் வைத்திருந்தால் அதே இடத்தில் தமிழ்ப் பெயர் இருக்கும். ஆப் புதுப்பிக்கும்போது சில பொத்தான்கள் இடம் மாறும், பதறாமல் தேடுங்கள்.

1. எந்தக் கணக்கில் ஏறுகிறது என்று பாருங்கள்

எங்களுடைய 19 நாளும் இதில்தான் போனது. அப்பாவுக்குப் போன் வாங்கியபோது கடைக்காரப் பையனே ஒரு ஜிமெயில் உருவாக்கி, போனைத் தயார் செய்து கொடுத்துவிட்டான். உதவியாகத்தான் செய்தான். ஆனால் அந்த மெயில் ஐடி என்ன, பாஸ்வேர்டு என்ன என்று அப்பாவிடம் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. நான்கு வருடமாகப் படங்கள் அந்தக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன, அது யாருக்கும் தெரியாது.

ஆகவே இப்போதே அப்பா அம்மாவின் போனைக் கையில் வாங்குங்கள். ஃபோட்டோஸ் ஆப்பைத் திறந்து, வலது மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொடுங்கள். அங்கே தெரிகிற மெயில் ஐடியை ஒரு எழுத்து விடாமல் தாளில் எழுதுங்கள். ஒரே போனில் இரண்டு மூன்று கணக்குகள் இருந்தால், பேக்கப் (படம் ஆன்லைனில் பிரதியாக ஏறுவது) எதில் போகிறதோ அதுதான் நமக்கு வேண்டியது.

அடுத்து, போனின் செட்டிங்ஸில் ‘கூகுள்’ என்பதைத் தொட்டு, கணக்கை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போய் ‘செக்யூரிட்டி’ பகுதியைப் பாருங்கள். அங்கே ‘ரெக்கவரி ஃபோன்’ என்று ஒரு எண் இருக்கும். அது இன்றைக்கும் பயன்பாட்டில் இருக்கும் எண்தானா? இல்லையென்றால் உடனே மாற்றுங்கள். ரீசார்ஜ் செய்யாமல், பயன்படுத்தாமல் 90 நாள் கிடந்த எண்ணை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொண்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அதன்பிறகு உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். ‘ரெக்கவரி இமெயில்’ இடத்தில் மகனோ மகளோ தங்கள் மெயிலைப் போட்டு வைப்பது நல்லது.

பாஸ்வேர்டு தெரியவில்லையா? போன் உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் போனில் அது பெரும்பாலும் சில நிமிட வேலை. போன் செத்த பிறகு அதே வேலைக்கு என்ன பாடு என்று கேளுங்கள்.

2. கையில் வைத்திருக்க வேண்டியவை

சிம் கார்டு யாருடைய ஆதாரில் வாங்கியது என்று தெரிய வேண்டும். அப்பாவின் சிம் தண்ணீரில் கெட்டுவிட்டது. டூப்ளிகேட் சிம் வாங்கப் போனால், அந்த எண் தம்பியின் ஆதாரில் இருக்கிறது, அவர் நேரில் வர வேண்டும் என்றார்கள். தம்பி ஓசூரில். லீவு கிடைத்து அவன் வந்து சேர எட்டு நாள். ஆதார் அட்டையோடு போனோம், சிம் கிடைத்தது, அன்று மாலையே பேசவும் முடிந்தது. ஓடிபி மட்டும் வரவில்லை. சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. மோசடியைத் தடுக்க வைத்த விதி அது. எங்களுக்குத் தெரியாததால் பத்துப் பன்னிரண்டு முறை ஓடிபி கேட்டு, ‘அதிக முயற்சிகள், பிறகு முயலவும்’ என்ற செய்திதான் மிச்சம். சிம் மாற்றினால் ஒரு நாள் முழுக்கச் சும்மா இருங்கள்.

அப்புறம் மெயில் ஐடியைக் கண்டுபிடிக்கும் பாடு. ஐடியே மறந்துபோனால் போன் எண்ணையும், கணக்கில் பதிந்த பெயரையும் கொடுத்துத் தேடலாம். அப்பாவின் பெயரை அந்தப் பையன் எப்படி எழுதியிருப்பான்? இனிஷியல் முன்னாலா பின்னாலா, ‘டி’யா ‘டிஎச்’சா? ஏழாவது முயற்சியில் கிடைத்தது: இனிஷியல் இல்லை, பெயரில் ஓர் எழுத்து குறைவு. பாஸ்வேர்டு மீட்கும்போது வழக்கமாக அந்தக் கணக்கைப் பயன்படுத்தும் வீட்டில், அதே வைஃபையில், முன்பு உள்நுழைந்த கருவியில் இருந்து முயன்றால் வாய்ப்பு அதிகம். நண்பர் கடையில் உட்கார்ந்து முயன்றபோது மறுத்த அதே கணக்கு, வீட்டில் அப்பாவின் பழைய டேப்லெட்டில் திறந்துகொண்டது.

எனவே ஒரு தாளில் இவற்றை எழுதி ரேஷன் கார்டு இருக்கும் கவருக்குள் வையுங்கள்: மெயில் ஐடி, கணக்கில் இருக்கும் பெயர் (எழுத்துக்கு எழுத்து), பாஸ்வேர்டு, ரெக்கவரி எண், சிம் யார் பெயரில் இருக்கிறது, போனின் பின் நம்பர். யாராவது போன் செய்து ஓடிபி கேட்டால் கொடுக்கக் கூடாது என்பதையும் அப்பா அம்மாவிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.

3. இடம் எவ்வளவு, பணம் எவ்வளவு

ஒரு கணக்குக்கு 15 ஜிபி இலவசம். இது படத்துக்கு மட்டும் இல்லை. ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் சாட் பேக்கப்பும் இதே இடத்தைத்தான் தின்னும். 2021 ஜூன் 1க்கு முன்பு ‘ஹை குவாலிட்டி’ என்று ஏற்றிய படங்கள் இந்த 15 ஜிபியில் சேராது. அதற்குப் பிறகு ஏற்றியது, மிகச் சில போன்களைத் தவிர, எல்லாம் சேரும்.

தோராயமாக, சாதாரண போன் படம் ஒன்று 3 முதல் 4 எம்பி. 15 ஜிபியில் நான்காயிரம் படம் வரை வைக்கலாம். வீடியோதான் இடத்தை விழுங்கும். ஒரு நிமிட ஃபுல் எச்டி வீடியோ 100 எம்பியைத் தாண்டும், 4கே என்றால் அதைப் போல மூன்று நான்கு மடங்கு.

இடம் நிரம்பினால் படம் ஏறாது. அதைவிடப் பெரிய தொந்தரவு, அந்த ஜிமெயிலுக்கு மெயில் வருவதும் நின்றுவிடும். வங்கி ஸ்டேட்மென்ட், ரயில் டிக்கெட் எல்லாம் அதில் வருகிறது என்றால் இது விளையாட்டு இல்லை.

பணம் கட்டும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். வாட்ஸ்அப் சாட் பேக்கப் அமைப்பில் ‘வீடியோக்களையும் சேர்’ என்பதை அணையுங்கள். பிறகு ஃபோட்டோஸில் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ பகுதிக்குப் போனால் பெரிய வீடியோ, மங்கலான படம், ஸ்கிரீன்ஷாட் என்று பிரித்துக் காட்டும். வேண்டாததை அங்கேயே கழிக்கலாம். என் கணக்கில் இதிலேயே 4 ஜிபி மிச்சமானது. பாதிக்கு மேல் காலை வணக்க வீடியோக்கள்.

அதற்கும் மேல் தேவை என்றால் 100 ஜிபி திட்டம். நான் கட்டியபோது மாதம் 130 ரூபாய், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 1,300 ரூபாய். யுபிஐயிலேயே கட்டலாம். இது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா, எனவே காலாவதி நாளைக் குறித்து வையுங்கள். இன்னும் ஐந்து பேரைக் குடும்பமாகச் சேர்த்து இந்த இடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். அப்படிச் சேர்த்தால் ஒருவர் படத்தை இன்னொருவர் பார்த்துவிடுவார்களோ என்று அண்ணி தயங்கினார். பார்க்க முடியாது. பகிர்வது இடம் மட்டும்தான்.

4. பேக்கப்பை இயக்குங்கள்

வட்டத்தைத் தொட்டு, ‘ஃபோட்டோஸ் செட்டிங்ஸ்’, அதில் ‘பேக்கப்’. அதை ஆன் செய்யுங்கள். உடனே தரம் கேட்கும். ‘ஒரிஜினல்’ என்றால் எடுத்த அளவிலேயே இருக்கும். ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்றால் படம் சுருக்கப்படும், 16 மெகாபிக்சலுக்கு மேல் இருப்பது அந்த அளவுக்குக் குறையும், வீடியோ 1080பி (ஃபுல் எச்டி) அளவுக்கு வரும். வீட்டுப் படங்களுக்கு ஸ்டோரேஜ் சேவர் போதும் என்பது என் அனுபவம். அம்மாவின் படம் அதில்தான் இருந்தது. 12க்கு 18 அங்குலத்தில் பிரின்ட் போட்டோம், முழங்கையில் ஒட்டிய மாவு கூடத் தெரிகிறது. கல்யாண ஆல்பத்துக்குக் கேமராவில் எடுத்தவற்றை மட்டும் ஒரிஜினலில் வையுங்கள்.

இங்கே பலரும் தவறவிடுவது ஒன்று. ஆண்ட்ராய்டில் பேக்கப்பை ஆன் செய்தால் கேமராவில் எடுத்த படம் மட்டும்தான் ஏறும். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் தனி ஃபோல்டரில் இருப்பதால் அவை ஏறாது. அதே பக்கத்தில் ‘பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்’ என்று இருக்கும். அதைத் திறந்து ‘வாட்ஸ்அப் இமேஜஸ்’ ஃபோல்டரை இயக்கினால்தான் ஏறும். ஆனால் யோசித்துச் செய்யுங்கள். நான்கு குடும்பக் குழுவில் இருப்பவர் அதை இயக்கினால் 15 ஜிபி சில மாதத்தில் தீர்ந்துவிடும். நான் அப்பாவின் போனில் அதை அணைத்தே வைத்திருக்கிறேன். வேண்டிய படத்தை மட்டும் திறந்து, ‘பேக்கப்’ பொத்தானைத் தொட்டு ஏற்றுகிறேன்.

‘லாக்டு ஃபோல்டர்’ (படங்களைப் பூட்டி வைக்கும் இடம்) வைத்திருந்தால் அதற்குப் பேக்கப் தனியாக ஆன் செய்ய வேண்டும். செய்யாமல் போனை ரீசெட் செய்தால் அதில் இருப்பது போய்விடும்.

5. ஏறுவதற்கு எவ்வளவு நேரம்?

வைஃபையில் மட்டும் ஏறும்படி வையுங்கள். 40 ஜிபி படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு இணைப்பில் ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு நாளைக்கு 2 ஜிபி டேட்டா திட்டத்தில் ஏற்றினால் வேறெதற்கும் டேட்டா தொடாமலே 20 நாள். இறக்கும் வேகம் 100 என்று விளம்பரத்தில் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், ஏற்றும் வேகம் வேறாக இருக்கலாம்.

ராத்திரி சார்ஜில் போட்டு, வைஃபையை இயக்கி, ஆப்பைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குங்கள். சில போன்கள் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். காலையில் பார்த்தால் அதே எண்ணிக்கையில் நிற்கும். செட்டிங்ஸில் ஃபோட்டோஸ் ஆப்பைத் தேர்ந்தெடுத்து, பேட்டரி பகுதியில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றினால் சரியாகிவிடும்.

6. ஏறியதா என்று கண்ணால் பாருங்கள்

வட்டத்தைத் தொட்டால் ‘பேக்கப் கம்ப்ளீட்’ என்று வர வேண்டும். இன்னும் இத்தனை பாக்கி என்று எண் காட்டினால் முடியவில்லை என்று அர்த்தம்.

அதோடு நிறுத்தாதீர்கள். இன்னொரு போனிலோ கணினியிலோ ஃபோட்டோஸ் டாட் கூகுள் டாட் காம் போய், அதே கணக்கில் நுழைந்து, மிகப் பழைய படம் ஒன்று, போன வாரப் படம் ஒன்று, ஒரு வீடியோ என்று திறந்து பாருங்கள். வீடியோ கடைசி வரை ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பத்து நிமிடம் ஆகும். இதை முடிக்காமல் ஏழாவது படிக்குப் போகவே கூடாது.

7. போனில் இடத்தைக் காலி செய்வது

அக்காவின் போன் நிரம்பிவிட்டது. படமெல்லாம் ஆன்லைனில்தான் இருக்கிறதே என்று, ஃபோட்டோஸ் ஆப்புக்குள்ளேயே 600 படங்களைத் தேர்ந்தெடுத்துக் குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டாள். போனில் இருந்து மட்டும் போகும் என்று நினைத்துவிட்டாள். ஆன்லைனில் இருந்தும் போய்விட்டது.

இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஃபோட்டோஸ் ஆப்புக்குள் ‘டெலீட்’ செய்தால் போனிலும் போகும், ஆன்லைனிலும் போகும், அதே கணக்கில் இருக்கும் மற்ற கருவிகளிலும் போகும். பீரோவில் ஒரு பிரதி, மேஜையில் ஒரு பிரதி என்று நினைத்தால் தவறு. இரண்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பது ஒரே படத்தைத்தான்.

போனில் இருந்து மட்டும் நீக்க வேண்டுமென்றால், வட்டத்தைத் தொட்டு ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே ஏறிவிட்ட படங்களை மட்டும் அது போனில் இருந்து எடுக்கும். ஒரே ஒரு படம் என்றால், அதைத் திறந்து மேல்நோக்கித் தள்ளினால் ‘டெலீட் ஃப்ரம் டிவைஸ்’ என்று வரும். வேறு கேலரி ஆப்பில் அழித்த பிறகு, ‘ஆன்லைனிலும் நீக்கவா’ என்று ஃபோட்டோஸ் கேட்கலாம். படிக்காமல் சம்மதம் சொல்லாதீர்கள்.

தவறிப் போய்விட்டால் ‘டிராஷ்’ பகுதியைப் பாருங்கள். பேக்கப் ஆன படம் அங்கே 60 நாள் இருக்கும். பேக்கப் ஆகாதது 30 நாள்தான். அக்கா என்னிடம் சொன்னது 41ஆவது நாள். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து ‘ரீஸ்டோர்’ கொடுத்தோம், எல்லாம் வந்துவிட்டது. இன்னும் மூன்று வாரம் பேசாமல் இருந்திருந்தால் அவள் பையனின் முதல் பிறந்தநாள் போயிருக்கும்.

8. தேடுவதும் தேதி திருத்துவதும்

தேடும் இடத்தில் ஊர்ப் பெயர், ‘பீச்’, ‘சேலை’ என்று எதைப் போட்டாலும் ஓரளவு எடுத்துக் கொடுக்கும். முகங்களைத் தொகுக்கும் வசதியை இயக்கி, பெயர் கொடுத்துவிட்டால் அந்த ஆளின் படங்கள் ஒரே இடத்தில் வரும். அம்மாவின் முகத்தைத் தொட்டபோது, வேறு யாரையோ எடுத்த படங்களில் பின்னால் நிற்கிறவராகவே நாற்பது இடத்தில் அம்மா இருந்தார். நாங்கள் பார்த்தே இராத படங்கள் அவை.

பழைய ஆல்பப் படங்களைப் போனில் எடுக்கும்போது மேலே வெளிச்சம் அடிக்கும். கூகுளின் ‘ஃபோட்டோஸ்கேன்’ ஆப் நான்கு புள்ளிகளை வரிசையாகக் காட்டும், அதன்மேல் போனை நகர்த்தினால் அந்தப் பளபளப்பு பெரும்பாலும் போய்விடும். ஆனால் 1984 கல்யாணப் படம் இன்றைய தேதியில் போய் உட்காரும். படத்தைத் திறந்து, மேல்நோக்கித் தள்ளி, தேதியைத் தொட்டுத் திருத்துங்கள். சரியான நாள் தெரியாவிட்டாலும் வருடத்தையாவது போடுங்கள். பின்பக்கம் யாராவது எழுதியிருந்தால் அதையும் விளக்கத்தில் தட்டச்சு செய்துவிடுங்கள்.

9. பகிர்வது

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் 4 எம்பி படம் சில நூறு கேபியாகச் சுருங்கிவிடும். பார்க்க நன்றாக இருக்கும், பிரின்ட் போட்டால் மங்கும். இரண்டு மூன்று படம் என்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். ஒரு விசேஷத்தின் முந்நூறு படம் என்றால் ஆல்பம்தான் வழி.

ஒரு படத்தை அழுத்திப் பிடித்து, மற்றவற்றையும் தேர்ந்தெடுத்து, பிளஸ் குறியைத் தொட்டு ‘ஆல்பம்’ என்று கொடுங்கள். பெயர் வையுங்கள். பிறகு ‘ஷேர்’. இரண்டு வழி உண்டு. ஜிமெயில் ஐடி போட்டு ஆட்களைச் சேர்க்கலாம். அல்லது லிங்க் எடுத்து அனுப்பலாம். லிங்க் எடுத்தால் அது கையில் கிடைத்த எவரும் பார்க்கலாம், கணக்கு கூடத் தேவையில்லை. குடும்பக் குழுவில் போட்ட லிங்க் எத்தனை குழு தாண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. குழந்தைகள் படம், வீட்டு நகைகள் தெரியும் படம் என்றால் ஆட்களைச் சேர்க்கும் வழியையே எடுங்கள்.

ஆல்பத்தின் ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் மூன்றைப் பார்க்கவும். படம் எடுத்த இடத்தைப் பகிர்வது அணைந்திருக்கட்டும்; உங்கள் வீடு எங்கே என்று மேப்பில் தெரிய வேண்டியதில்லை. ‘கொலாபரேட்’ இயங்கினால் மற்றவர்களும் படம் சேர்க்கலாம், விசேஷ ஆல்பத்துக்கு இது நல்லது. எல்லோரும் பார்த்து முடித்த பிறகு ‘லிங்க் ஷேரிங்’ அணைத்துவிடுங்கள்.

இன்னொரு பெரிய பள்ளம்: ஆல்பம் என்பது தனிப் பிரதி இல்லை. பகிர்ந்தவர் தன் கணக்கில் படத்தை அழித்தால் ஆல்பத்தில் இருந்தும் போய்விடும். யாராவது உங்களுக்குப் பகிர்ந்த படம் உங்களுக்கு முக்கியம் என்றால் ‘சேவ்’ கொடுத்து உங்கள் கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் இடத்தில் கணக்காகும், பரவாயில்லை.

அப்பா போனுக்கு நான் செய்தது ‘பார்ட்னர் ஷேரிங்’. ஒரே ஒருவரைத்தான் சேர்க்க முடியும். அப்பா எடுக்கும் படங்கள் தானாக எனக்குத் தெரியும். குறிப்பிட்ட முகங்கள் இருக்கும் படங்களை மட்டும் என்றும் வைக்கலாம், என் கணக்கில் தானாகச் சேமிக்கவும் சொல்லலாம். அப்பாவிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே போட்டேன். கேட்காமல் போடாதீர்கள்.

10. வருடத்துக்கு ஒரு முறை ஒரு பிரதி கீழே இறக்குங்கள்

டேக்அவுட் டாட் கூகுள் டாட் காம் பக்கத்தில், கணினியில் செய்யுங்கள். முதலில் எல்லாவற்றின் டிக்கையும் எடுத்துவிட்டு ‘கூகுள் ஃபோட்டோஸ்’ மட்டும் தேர்ந்தெடுங்கள். நீங்கள் மாற்றாவிட்டால் 2 ஜிபி துண்டுகளாக வரும், 40 ஜிபிக்கு இருபது கோப்பு. அளவை 50 ஜிபி வரை மாற்றலாம், நடுவில் கரன்ட் போகிற ஊர் என்றால் 10 ஜிபி வசதி. தயாரானதும் மெயில் வரும். சில மணி நேரமும் ஆகலாம், ஒன்றிரண்டு நாளும் ஆகலாம். அந்த லிங்க் ஒரு வாரம்தான் வேலை செய்யும், எனவே ஊருக்குப் போகும் வாரத்தில் கேட்டு வைக்காதீர்கள். இறக்கியதை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் போட்டு, ஓரிரண்டு கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள்.

இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கையும் அதில் இருப்பதையும் கூகுள் நீக்கலாம். போன் மாற்றி, புதுக் கணக்கு போட்டுக்கொண்ட பெரியவர்களின் பழைய கணக்குக்கு இதுதான் ஆபத்து. நாட்காட்டியில் குறித்து வைத்து, சில மாதத்துக்கு ஒரு முறை உள்ளே போய் வாருங்கள். ‘இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்’ என்ற இடத்தில், இத்தனை மாதம் பயன்படுத்தாவிட்டால் இன்னாருக்குத் தெரிவி, படங்களை எடுத்துக்கொள்ள விடு என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் பதினெட்டு மாதம். அப்பாவின் கணக்கில் ஆறு மாதம் வைத்து, என் பெயரையும் தம்பியின் பெயரையும் போட்டிருக்கிறோம். உட்கார்ந்தால் கால் மணி நேர வேலை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, சாப்பாடு முடிந்து அவர்கள் சாய்ந்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து செய்துவிடுங்கள்.